குஸ்கோவில் கைச்செலவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெரு நாட்டின் குஸ்கோ நகரம் பற்றியவை. பெருவின் பணமான சோல் ஒன்றுக்கு 25 ரூபாய், ஒரு டாலருக்கு மூன்றரை சோல் என்று தோராயமாக வைத்துக்கொண்டு படியுங்கள். நான் சொல்லும் தொகைகள் எல்லாம் முழு எண்ணாக்கியவை. இரண்டு சோல் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று யாரும் எழுத வேண்டாம்.

குஸ்கோவில் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?

இந்த ஒரு வரியை மட்டும் எழுதி ஐந்து பேர் அனுப்பியிருக்கிறீர்கள். எந்த மாதம், தனியாகவா குடும்பத்தோடா, மலைமேல் உள்ள பழைய இன்கா நகரமான மாச்சு பிச்சு உண்டா இல்லையா என்று எதுவும் இல்லை. இப்படிக் கேட்டால் யாராலும் உருப்படியான பதில் தர முடியாது.

சரி, ஒருவர் தனியாகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். டார்மிட்டரி படுக்கை 40 சோல். காலையில் ரொட்டி, வெண்ணெய்ப்பழம், காப்பி 8 சோல். மதியம் சூப், சோறு, ஒரு குவளை பானம் சேர்ந்த மெனு 12 முதல் 15 சோல். இரவுக்கு 15, தண்ணீர், பேருந்து, சில்லறைச் செலவு 15. ஆக நூறு சோலுக்குள் ஊருக்குள் ஒரு நாள் ஓடிவிடும். தனி அறை வேண்டுமென்றால் இன்னும் 50, 60 கூட்டுங்கள்.

இந்த நூறு சோல் யாருடைய பட்ஜெட்டையும் கெடுப்பதில்லை. கெடுப்பது நுழைவுச் சீட்டும் போக்குவரத்தும்தான். மாச்சு பிச்சு, பல இடங்களுக்கும் சேர்த்து வாங்கும் சுற்றுலாச் சீட்டு, ரயில் மூன்றும் சேர்ந்தால் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவையும் தங்கும் செலவையும் தாண்டிவிடும். அதனால் மொத்தத்தை நாள் கணக்கில் வகுத்துச் சராசரி பார்க்காதீர்கள். அன்றாடச் செலவு ஒரு பக்கம், சீட்டுச் செலவு இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக எழுதி வையுங்கள்.

லிமாவிலிருந்து காலை விமானத்தில் வந்து, அன்று மதியமே ஊருக்கு மேலே உள்ள சக்சாய்வமான் கோட்டைக்குப் போய்விட்டால் ஒரு நாள் அறை வாடகை மிச்சமாகுமே?

ஆகாது. குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லிமா கடலோர ஊர். ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கிருந்து இங்கே தூக்கி வைத்தால் உடம்பு தாங்காது. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்ததை அங்கே சொரோச்சே என்பார்கள். நான் முதல் தடவை போனபோது இறங்கிய அன்றே சான் பிளாஸ் படிகளில் வேகமாக ஏறி, அடுத்த இரண்டு நாளும் படுக்கையில் கிடந்தேன். வாடகையும் போயிற்று, நாட்களும் போயின.

முதல் இரண்டு நாள் ஓய்வு. இதில் பேரம் கிடையாது. இன்னும் நல்ல வழி, விமான நிலையத்திலிருந்து நேராக உருபாம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுவது. அங்குள்ள ஒயான்தாய்தாம்போ ஊர் 2,800 மீட்டர்தான். குஸ்கோவின் பாவித்தோஸ் தெருவிலிருந்து கிளம்பும் பகிர்வு வேனில் 15 சோலுக்குள் போய்விடலாம். அங்கே இரண்டு இரவு தங்கிப் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, பிறகு குஸ்கோவுக்கு ஏறுங்கள். இந்த உயர நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஓய்வில் இருந்தும் மூச்சுத் திணறினால், நடை தள்ளாடினால், காத்திருக்காமல் கீழே இறங்க வேண்டும், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வினிகுன்கா வானவில் மலைக்கு இரண்டாம் நாளே 80 சோலுக்கு டூர் இருக்கிறதாம். போகலாமா?

போகக்கூடாது. அது 5,000 மீட்டர். மேலே உள்ள பதிலை மறுபடி படியுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். மூன்று பேர், பத்து நாள். ஹாஸ்டல் சமையலறையில் பருப்பும் சோறும் ஆக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறோம்.

சோறு சரி. பருப்பை மறந்துவிடுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவே வேகாது, நீங்கள் அடுப்படியில் நிற்கும் நேரத்துக்கு மற்ற பயணிகள் முணுமுணுப்பார்கள். தோல் நீக்கிய மசூர் பருப்பானால் பொறுமையாக வேக வைக்கலாம். அதைவிடச் சுலபம் கினோவா என்ற தானியம், சந்தையில் கிலோக் கணக்கில் கிடைக்கும், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும். உருளைக்கிழங்கோ எத்தனையோ வகை, அதன் தாய்நாடே அந்த மலைகள்தானே.

வெளியே சாப்பிடும்போது ஒரே ஒரு விஷயத்தில் கவனம். ‘சின் கார்னே’ என்றால் இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம், ஆனால் அங்கே கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். கோழி அதில் சேராது. அதனால் ‘நி போயோ, நி பெஸ்காதோ’ என்று கோழியையும் மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படியும் சூப் பெரும்பாலும் எலும்பு வேக வைத்த தண்ணீரில்தான் இருக்கும். சுத்த சைவம் என்று எழுதுகிறவர்கள் சாதாரண மெனுக் கடையில் சூப்பைத் தொடாமல் இருப்பதே நல்லது. சைவ மெனு போடும் சின்னச் சின்னக் கடைகள் நகர மையத்தில் உண்டு, 15 சோல் ஆகும். தெருவில் அவித்த சோளத்தோடு ஒரு துண்டு பாலாடைக்கட்டி தருவார்கள், சோக்லோ கொன் கேசோ. பல் அளவுக்குப் பெரிய மணி, வயிறு நிறையும், ஏழெட்டு சோல்.

மாச்சு பிச்சுவுக்கு மிகக் குறைந்த செலவு வழி எது?

இத்ரோஎலெக்த்ரிகா என்ற நீர்மின் நிலையம் வழி. குஸ்கோவிலிருந்து வேனில் ஆறேழு மணி நேரம், போக வர 80 முதல் 100 சோல். அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டிப் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல், மூன்று மணி நேர நடை. இரவு அடிவார ஊரான அகுவாஸ் கலியேன்தேஸில் தங்கல், 50 சோல். மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்கு 12 டாலர் கொடுக்காமல் படியேறினால் ஒன்றரை மணி நேரம். நுழைவுச் சீட்டு 152 சோல். சாப்பாடு சேர்த்து 350 சோலில் முடியும். ரயிலில் போனால் டிக்கெட்டுக்கு மட்டுமே போக வர நூறு டாலருக்கு மேல்.

ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வழி வேண்டாம். மழையில் மலைப்பாதை சரியும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் ரயில்தான். அந்தப் பணத்தை வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள்.

நுழைவுச் சீட்டை அரசின் இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போவதென்றால் மாதக் கணக்கில் முன்கூட்டியே. எந்தச் சுற்றுப்பாதைக்கு வாங்குகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள், உள்ளே போனபின் மாற்ற முடியாது. வாயிலில் அசல் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள்.

மாச்சு பிச்சுவுக்கு நடந்து போகும் இன்கா பாதையில் வழிகாட்டி இல்லாமல் சொந்தமாக நடக்கலாமா?

முடியாது. உரிமம் பெற்ற நிறுவனத்தோடுதான் விடுவார்கள். சுமை தூக்குவோரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. பிப்ரவரியில் பாதையே மூடியிருக்கும்.

130 சோல் சுற்றுலாச் சீட்டு அவசியமா?

சக்சாய்வமான், பிசாக், ஒயான்தாய்தாம்போ, மொராய், சின்செரோ எல்லாம் பார்ப்பதென்றால் அவசியம். 16 இடங்கள், பத்து நாள் செல்லும். பள்ளத்தாக்கு மட்டும் போதுமென்றால் 70 சோல் சீட்டு, இரண்டு நாள். கொரிகாஞ்சா என்ற இன்கா கோயில், பேராலயம், மாராஸ் உப்பளம் இதில் சேராது. அங்கே தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

டாலராகக் கொண்டு போவதா, ஏடிஎம்மில் எடுப்பதா?

இரண்டும். ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 30 சோல் அளவுக்குக் கட்டணம் பிடிக்கும், அதனால் சிறுசிறு தொகையாக எடுக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பணத்தில் கணக்கிடவா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, சோலிலேயே எடுங்கள். டாலர் நோட்டு புதிதாக இருக்க வேண்டும். ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள். என்னுடைய 50 டாலர் நோட்டு ஒன்றை மூன்று கடைகளில் திருப்பிக் கொடுத்தார்கள். எல் சோல் சாலையில் வரிசையாக மாற்றுக் கடைகள் உண்டு, உள்ளே போய் மாற்றுங்கள், நடைபாதையில் நிற்பவர்களிடம் வேண்டாம்.

அப்புறம் சில்லறை. 100 சோல் நோட்டை நீட்டினால் சந்தைக் கடைக்காரர், டாக்ஸிக்காரர் யாரிடமும் மீதி இருக்காது. பெரிய நோட்டைப் பெரிய கடையில் உடைத்து, கையில் எப்போதும் சில்லறை வைத்திருங்கள்.

விடுதிக்காரர் 18 சதவீத வரி கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். 60 நாளுக்குள் தங்கும் வெளிநாட்டவருக்குத் தங்குமிட வரி விலக்கு உண்டு. பாஸ்போர்ட்டையும் நாட்டுக்குள் நுழைந்த பதிவையும் காட்டுங்கள்.

சின்செரோவில் ஒரு நெசவுக்காரப் பெண் 250 சோல் சொன்ன மேஜை விரிப்பை 120க்குப் பேசி வாங்கினேன். இன்னும் குறைத்திருக்கலாமோ?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மனசே ஆறவில்லை. இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வருடா வருடம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் வாங்கியது கைநெசவுதானா என்பதே முதல் கேள்வி. கைநெசவுதான் என்றால், அந்தத் தறியின் ஒரு முனை கம்பத்தில் கட்டியிருக்கும், மறுமுனை அந்த அம்மாவின் இடுப்பில் கட்டியிருக்கும். உடம்பின் பாரத்தால்தான் பாவு விறைப்பாக நிற்கிறது. நூலை நூற்றுச் சாயம் போட்டு முடித்த பிறகு அந்த விரிப்பு வாரக்கணக்கில் அவர் இடுப்பில் இருந்திருக்கும். சிவப்பு, சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினியல் பூச்சியிலிருந்து வருகிறது. அதை உள்ளங்கையில் நசுக்கி, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, நிறம் ஆரஞ்சாக மாறுவதைக் காட்டியிருப்பார்களே, நீங்களும் படம் எடுத்திருப்பீர்களே? ஒருவர் பல வார உழைப்பில் மூவாயிரம் ரூபாயைக் குறைத்துவிட்டு, இன்னும் குறைத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

டூர் பஸ்ஸில் போனால் அந்தக் கடைகளில் விற்கும் பொருளில் வழிகாட்டிக்கும் ஒரு பங்கு போவது உண்டு. அதனால் சொல்லும் விலை கூடுதலாக இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வழி பேரம் இல்லை. பகிர்வு வேனில் நீங்களாகவே சின்செரோ போய், நெய்தவரிடமே வாங்குங்கள். இல்லையென்றால் குஸ்கோவில் எல் சோல் சாலையில் இருக்கும் பாரம்பரிய நெசவு மையத்துக்குப் போங்கள். சின்செரோவில் பிறந்த நெசவாளர் நில்டா கயன்யாவ்பா 1996இல் தொடங்கியது. நெய்தவரின் பெயர் ஒவ்வொரு துணியிலும் இருக்கும். நிலையான விலை. கையில் அவ்வளவு பணம் இல்லையா, சின்னதாக ஒரு இடுப்புப் பட்டையோ கைப்பட்டையோ வாங்குங்கள், அதையும் நெய்துதான் செய்திருப்பார்கள்.

பேரம் பேச வேண்டிய இடம் வேறு. நகரின் நடுச் சதுக்கமான பிளாசாவைச் சுற்றி ‘பேபி அல்பாகா’ (அல்பாகா விலங்கின் மென்மையான கம்பளி) என்று 40 சோலுக்கு விற்கும் ஸ்வெட்டர் இயந்திரத்தில் பின்னிய அக்ரிலிக். தொட்டால் வழவழப்பாக இருக்கும், கைக்குக் குளிர்ச்சி தெரியாது. அங்கே தாராளமாக 25 கேளுங்கள். குளிருக்கு அதுவும் உதவும், ஆனால் அல்பாகா என்று நம்பி வாங்காதீர்கள்.

டாக்ஸியில் மீட்டர் உண்டா?

இல்லை. ஏறும் முன் விலை பேசுங்கள், ஊருக்குள் 10 சோல். சில்லறையாகக் கொடுங்கள்.

ஜூன் 24 இந்தி ராய்மி என்ற சூரியத் திருவிழா அன்று போகிறேன். அறை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?

அந்த வாரம் அறை கிடைப்பதே அரிது, கிடைத்தால் இரட்டை வாடகை. இன்றே பதிவு செய்யுங்கள். சக்சாய்வமானில் நாற்காலி டிக்கெட் வாங்க வசதியில்லாவிட்டால், உள்ளூர்க் குடும்பங்களோடு எதிர்க் குன்றில் உட்கார்ந்து பார்க்கலாம், இலவசம். காலையிலேயே போய் இடம் பிடிக்க வேண்டும். இரவு பூஜ்யம் டிகிரி வரை இறங்கும், மலிவான அறைகளில் ஹீட்டர் இருக்காது. கூடுதல் கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கோக்கா இலையை வீட்டுக்குக் கொண்டு வரலாமா?

கூடாது. பெருவில் சட்டபூர்வம், இந்தியாவில் குற்றம். தேநீர்ப் பைகளும் அதில் சேரும். அங்கேயே குடித்து முடித்துவிடுங்கள்.

சான் பெத்ரோ சந்தையில் ஜூஸ் குடித்து முடித்ததும் அந்த அம்மா கேட்காமலேயே மறுபடி ஊற்றினார். அதற்கும் காசு கொடுத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். அதற்கு யாப்பா என்று பெயர், நம்மூர்க் கொசுறுதான். மிக்ஸியில் மிச்சம் இருப்பதை உங்கள் குவளையில் ஊற்றுவார்கள். அவசரமாக எழுந்து போகாமல் உட்கார்ந்து குடியுங்கள். மறுநாளும் அதே கடைக்கே போங்கள். மூன்றாம் நாள் நீங்கள் கேட்பதற்கு முன்பே பப்பாளியை வெட்டத் தொடங்கிவிடுவார்.