சின்னச் சின்ன விஷயங்கள் ஏன் இவ்வளவு மகிழ்ச்சி தருகின்றன?

பெரிய வெற்றியைவிட மழை வாசனையும், யாரோ யாருக்கோ உதவிய செய்தியும் மனதை நிறைப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரிய மகிழ்ச்சி சீக்கிரம் பழகிவிடும். 1978-இல் அமெரிக்காவில் உளவியலாளர் பிலிப் பிரிக்மன் குழுவினர் லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். வென்றவர்கள் அப்படியொன்றும் கூடுதல் மகிழ்ச்சியில் இல்லை. அதோடு, நண்பரோடு பேசுவது, நகைச்சுவை கேட்பது போன்ற அன்றாட இன்பங்களை மற்றவர்களைவிடக் குறைவாகவே ரசித்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

மழை வாசனைக்கு வருவோம். மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. காய்ந்த மண்ணில் துளி விழும்போது அதன் அடியில் சிக்கும் காற்று, நுண்குமிழிகளாக மேலேறி வெடித்து அந்த வாசனையைத் தெளிக்கிறது. துளியூண்டு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். கேட்காமல் வந்து, கொஞ்ச நேரத்தில் போய்விடுவதால்தான் அது சலிப்பதில்லை என்பது என் எண்ணம்.

நெகிழ வைக்கும் கதைகளின் கணக்கு வேறு. உளவியலாளர் ஜொனாதன் ஹைட் இதை ஆராய்ந்திருக்கிறார். பிறரின் நற்செயலைக் காணும்போது நெஞ்சில் இதமான சூடு பரவுகிறது, தாமும் ஏதாவது செய்யலாமே என்று தோன்றுகிறது. சோக இசை சேர்த்து ஊதிப் பெருக்கிய காணொளிகள் எனக்கு ஒத்துவராது. கீழே கிடந்த பணப்பையை உரியவரிடம் கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போனவரைப் பற்றிய நாலு வரி போதும். அதையும் ஒரே மூச்சில் இருபது படிக்காதீர்கள், அதுவும் பழகிவிடும்.