நீலகிரியில் கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் மட்டும் பட்டா சிக்கல் தீராதது ஏன்?

ஊட்டி, கோத்தகிரி பக்கத்து விவசாயிகளிடம் பட்டா இருக்க, அதே மாவட்டத்தின் கூடலூர், பந்தலூரில் ஐம்பது ஆண்டு குடியிருந்தவர்களுக்கும் அது இல்லாதது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பந்தலூர் தாலுகாவில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதிகாரிகளின் மெத்தனத்தை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை, இந்த நிலம் நீலகிரியோடு வந்து சேர்ந்த விதத்திலேயே சிக்கல் தொடங்கிவிட்டது.

1868இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்ட நீலகிரி, முதலில் கமிஷனரின் கீழும் 1882 முதல் கலெக்டரின் கீழும் இருந்தது. கூடலூரை உள்ளடக்கிய தென்கிழக்கு வயநாடு 1877இல்தான் மலபார் மாவட்டத்திலிருந்து இதனோடு இணைக்கப்பட்டது. நிர்வாகம் ஊட்டிக்கு மாறியதே தவிர, நில உரிமை மாறவில்லை. மேட்டு நீலகிரியில் அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டிய விவசாயி பட்டாதாரராக இருந்தார். இங்கோ பெரும்பகுதி நிலம் நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜென்மிகளிடமே, அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களிடமே, தொடர்ந்தது. அவர்களிடம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்துத்தான் வெள்ளைக்காரர்கள் காப்பியும் தேயிலையும் போட்டார்கள்.

தமிழக அரசு 1969இல் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. சுமார் 80,000 ஏக்கர் அதன் வரம்புக்குள் வந்தது. ஜென்மிகளும் குத்தகைதாரர்களும் நேரடியாகப் பயிரிட்டு வந்த நிலங்களுக்குப் பட்டா பெற 8, 9, 10ஆம் பிரிவுகள் வழிசெய்தன. எஸ்டேட்டுகளின் குத்தகை நிலங்கள் 17ஆம் பிரிவில் போயின, அதாவது பட்டா இல்லாமல், குத்தகை தொடர்வதா முடிவதா என்பது அரசின் முடிவுக்கு விடப்பட்டது. காடுகளை அரசு எடுத்துக்கொள்வது செல்லாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 1974இல் இச்சட்டம் முழுவதும், நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களைக் காக்கும் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதை எதிர்த்து எழுந்த வழக்கில்தான், 24.4.1973க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த சட்டங்களையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்புக்குக் காரணமான மண்ணில், பிரிவு 17 நிலம் யாருக்கு என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

இதற்கிடையே நிலம் காலியாக இருக்கவில்லை. பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குரும்பர், பெட்டக்குரும்பர், வயநாட்டுச் செட்டிகள் ஆகியோர் முன்பிருந்தே வாழ்ந்த இடம் இது. 1940களில் உணவு உற்பத்தியைப் பெருக்கும் திட்டத்தை ஒட்டித் திருவிதாங்கூரிலிருந்து மலையாள விவசாயிகள் வந்தார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து எங்களைப் போன்ற தாயகம் திரும்பிய குடும்பங்கள் வந்தன. பலருக்கு அரசின் தேயிலைத் தோட்டமான டான்டீயில் வேலை கிடைத்தது, மற்றவர்கள் கையில் இருந்ததைக் கொடுத்து, வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய துண்டு நிலத்தில் குடியேறினார்கள். எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில், கப்பலில் வந்திறங்கியவர்களுக்கான மண்டபம் முகாமின் முத்திரை விழுந்த குடும்ப அட்டை இருக்கிறது, ஆண்டு தவறாமல் கட்டிய வீட்டு வரி ரசீதுகள் இருக்கின்றன, மூன்று தலைமுறை வாக்காளர் அட்டைகள் இருக்கின்றன. ஆனால் மின் இணைப்புக்கு மனு கொடுத்தால், பிரிவு 17 நிலம் என்பதால் தடையின்மைச் சான்று கேட்கிறார்கள்.

பணியர்களின் நிலை இதைவிட மோசம். ஜென்மிகளுக்கும் செட்டிகளுக்கும் தலைமுறைகளாகப் பண்ணையாட்களாக உழைத்தவர்களின் பெயர் எந்தக் குத்தகைச் சீட்டிலும் ஏறியதில்லை. அதனால் முதலில் வாழ்ந்தவர்களிடமே ஆவணம் மிகக் குறைவு. அவர்களுக்காவது 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது, கிராம சபை மூலம் உரிமை கோரலாம். பழங்குடியல்லாதவர்கள் அச்சட்டப்படி மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். 1964க்குப் பின் கப்பலேறி வந்தவர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. எனவே எஸ்டேட் குத்தகையையும் சிறு குடியிருப்பையும் ஒரே கணக்கில் வைக்காமல், வருவாய்த்துறையும் வனத்துறையும் கூட்டாக அளந்து, வீட்டுமனைகளை மட்டுமாவது பிரிவு 17இலிருந்து பிரித்துக் கொடுக்க அரசு முன்வர வேண்டும் என்பதே என் கருத்து.