1870-க்கு முந்தைய ஐசக்

அன்புள்ள ஐயா,

என் மருமகன் ஆப்பிரிக்க அமெரிக்கர். பேரப்பிள்ளைகளுக்காக அவர் வழி வம்சாவளியை எழுதி வைக்க நினைத்தேன். தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்ட் கவுண்டியில், 1870 சென்சஸில் ஐசக் என்ற மூதாதை 30 வயதில் மனைவி, பிள்ளைகளோடு இருக்கிறார். அதற்கு முன் தடயமே இல்லை. அதே குடும்பப் பெயருள்ள வெள்ளைக்காரப் பண்ணையார் ஒருவரின் 1860 அடிமைப் பட்டியலில் 20 வயது ஆண் ஒருவர் வருகிறார். அவர்தான் ஐசக் என்று யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். நம்பலாமா?

ஜெயந்தி, சார்லட்

அன்புள்ள ஜெயந்தி,

நம்ப வேண்டாம். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர்தான் இருக்கும். அதன் கீழே வரிவரியாக வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவே. அந்த வயதும் உத்தேசம். எட்ஜ்ஃபீல்டில் 20 வயது ஆண் எத்தனையோ பேரிடம் இருந்திருப்பார். ஒருவரை விலக்க அந்தப் பட்டியல் உதவும், நிறுவ உதவாது. குடும்பப் பெயரும் அப்படித்தான். கடைசி முதலாளியின் பெயரையே எல்லோரும் வைத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய முதலாளியின் பெயரும் தகப்பனின் பெயரும் உண்டு.

முதலில் 1870-க்குப் பிந்தியதை முடித்துவிடுங்கள். 1870 சென்சஸ் உறவுமுறையைக் கேட்கவில்லை, 1880-தான் கேட்டது. நீங்கள் மனைவி என்று எழுதியிருப்பவர் அக்காவாகவும் இருக்கலாம். தென் கரோலினாவில் மரணப் பதிவு 1915-இல் தொடங்குகிறது. ஐசக்கின் பிள்ளைகளில் அதற்குப் பின் இறந்த எல்லோருடைய சான்றிதழையும் எடுங்கள். ஒன்றில் விடுபட்ட தாயின் பெயர் இன்னொன்றில் கிடைக்கலாம். எட்ஜ்ஃபீல்டிலிருந்து 1871-இல் எய்க்கனும் 1895-இல் சலூடாவும் பிரிந்தன. குடும்பம் இடம் பெயராமலே கவுண்டி மாறியிருக்கும்.

அடுத்து, விடுதலையான அடிமைகளுக்காக நடந்த ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி (1865–1874). சவானா ஆற்றுக்கு அக்கரையில், ஜார்ஜியாவின் அகஸ்டாவில் அதற்குக் கிளை இருந்தது. கணக்குப் படிவத்தில் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தார், சிலவற்றில் பழைய முதலாளியின் பெயரும் இருக்கும். விடுதலையானவர்களுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மன்ஸ் பீரோவின் கூலி ஒப்பந்தங்களையும் பாருங்கள். ஆனால் ஒப்பந்தம் போட்டவர்தான் பழைய முதலாளி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இவற்றில் பெரும்பகுதி ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசம். ஐசக் அகப்படாவிட்டால் 1870 பக்கத்தில் அவருக்கு முன்னும் பின்னும் உள்ள பத்துப் பத்து வீட்டாரைத் தேடுங்கள். அதே பக்கங்களில் வரும் வெள்ளை நிலக்காரர்களைத் தனியே குறித்துக்கொண்டு, 1860 சென்சஸில் அவர்களுடைய அசையும் சொத்தின் மதிப்பைப் பாருங்கள். சிறிய பண்ணைக்குப் பெரிய தொகை போட்டிருந்தால், அதில் பெரும்பங்கு மனிதர்கள்.

இதற்கு மேல் தேட வேண்டியது ஐசக்கை அல்ல, இப்படித் தெரியவரும் முதலாளிக் குடும்பத்தின் சொத்தை. நிலத்துக்கு வில்லங்கம் பார்க்கிற வேலைதான், கசப்பாக இருந்தாலும். உயில், கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை எல்லாம் வேண்டும். முதலாளி இறந்ததும் எடுத்த சொத்துப் பட்டியல் எல்லாவற்றையும்விட முக்கியம். கோவேறு கழுதை, பஞ்சு, கட்டில் என்று போகிற பட்டியலில் பெயர்களும் வரும். "ஹானாவும் குழந்தையும்" என்று ஒரே வரியில் எழுதி ஒரே விலை போட்டிருப்பார்கள். தாய்–பிள்ளை உறவுக்குப் பல குடும்பங்களில் எழுத்துச் சான்று அந்த ஒரு வரிதான். தகப்பன் வேறொரு பண்ணையில் அடிமையாக இருந்தால் அங்கே அவர் பெயர் வராது.

பலர் வழிதவறுவது முதலாளி வீட்டுப் பெண்களிடத்தில். மகளுக்குத் திருமணத்தில் கொடுக்கப்பட்ட அடிமைகள் மருமகன் பெயரிலோ, திருமண ஒப்பந்தப்படி ஒரு டிரஸ்டி பெயரிலோ போய்விடுவார்கள். மைனர் வாரிசின் பங்கு கார்டியன் பெயரில் நிற்கும். குடும்பப் பெயரை மட்டும் பிடித்துத் தேடினால் இவர்கள் யாரும் சிக்கமாட்டார்கள். கார்டியன் கோர்ட்டில் காட்டிய கணக்கில், யாரை எவரிடம் வாடகைக்கு விட்டார் என்பதுகூட இருக்கலாம்.

பட்டியலில் ஓர் ஐசக் இருப்பது மட்டும் போதாது. 1870-இல் அவர் வீட்டிலும் அண்டையிலும் உள்ள ஐந்தாறு பெயர்கள் வயதுப் பொருத்தத்தோடு ஒன்றாக வர வேண்டும். டிஎன்ஏ சோதனை அதற்குப் பிறகு துணைக்கு வரட்டும்.

அப்படி ஒரு பக்கம் கிடைத்தால் முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள். ஐசக் இருக்கும் வரியை மட்டும் வெட்டி அனுப்பிவிடாதீர்கள். மேலும் கீழும் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்