பார்டர்லைன் ஆளுமைக் கோளாறும் நம்பிக்கையும்: கேள்வி பதில்

கேள்வி: பத்து நிமிஷம் பதில் போடலைன்னா "என்னை விட்டுடப் போறீங்க"ன்னு மனைவி அழுகிறாள். என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: பார்டர்லைன் என்பது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையாக நிற்காமல் அலைபாயும் மனநலக் கோளாறு. கைவிடப்படுவோமோ என்ற பதற்றம் அதன் ஒன்பது அடையாளங்களில் ஒன்று. "எப்பவும் பக்கத்திலேயே இருப்பேன்" என்று சொல்லாதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு வேண்டவே வேண்டாம். "மூணு மணிக்கு மீட்டிங், நாலரைக்கு நானே கூப்பிடுறேன்" என்று சொல்லி, நாலரைக்குக் கூப்பிடுங்கள். தாமதமானால் 4.25-க்கே ஒரு வரி அனுப்புங்கள். அழும்போது காரணம் விளக்க வேண்டாம், "பதில் வரலைன்னு பயந்துட்டியா?" என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: எந்த மாத்திரை நல்லது?

பதில்: இதற்கென்று மாத்திரை இல்லை. கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருத்துவர் தருவார். பேச்சு சிகிச்சைதான் முக்கியம்.

கேள்வி: எல்லாம் நடிப்பு. இடம் கொடுத்தால் தலைமேல் ஏறுவார்கள்.

பதில்: இல்லை. 2008-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த சோதனையைப் பாருங்கள். ஒருவர் கொடுக்கும் பணம் மூன்று மடங்காகி மற்றவருக்குப் போகும். அவர் விரும்பியதைத் திருப்பித் தரலாம். மொத்தம் 10 சுற்று. கொடுப்பவர் தொகையைக் குறைத்தால், பெறுபவர் தாராளமாகத் திருப்பித் தந்து உறவைச் சரிக்கட்டுவது வழக்கம். பார்டர்லைன் உள்ளவர்கள் அப்படிச் செய்தது குறைவு. சிறிய தொகையைக் கண்டதும் மற்றவர்களின் மூளையில், ஏதோ சரியில்லை என்று உணர்த்தும் இன்சுலா பகுதியில் எழுந்த சலனம் இவர்களிடம் எழவில்லை. உறவு முறியப்போகும் அறிகுறியே பிடிபடாதவரை நடிக்கிறார் என்பது அநியாயம்.

கேள்வி (வேறொருவர்): அப்படியானால் யாரையும் நம்பாதவருக்கு சிகிச்சை எப்படி?

பதில்: நம்பிக்கை வந்த பிறகு சிகிச்சை என்று காத்திருப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைன்ஹன் உருவாக்கிய டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சு சிகிச்சை முறையில் வாரம் ஒரு தனி அமர்வு, ஒரு குழுப் பயிற்சி, நெருக்கடியில் போன். ஆனால் தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பின் 24 மணி நேரம் கூடுதல் போன் பேச்சு கிடையாது. உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் விலக்கு. காயத்துக்கு முன்பே கூப்பிடப் பழக்குவதற்காக இந்த விதி. முதல் நாளே சொல்லிவிடுவார்கள். சொன்னது சொன்னபடி மாதக்கணக்கில் நடப்பதைப் பார்த்துத்தான் நம்பிக்கை ஊறும்.

கேள்வி: போன மாதம் தெரபிஸ்ட் தெய்வம், இப்போது துரோகி. ஆளை மாற்றலாமா?

பதில்: உடனே வேண்டாம். அந்தக் கோபத்தை அடுத்த அமர்வில் அவரிடமே சொல்லச் சொல்லுங்கள். பிளவைச் சேர்ந்து சரிசெய்வதும் சிகிச்சைதான்.

கேள்வி: மாத்திரை பெயர் மட்டும்...

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள். இனி மாத்திரைக் கேள்விக்குப் பதில் தரமாட்டேன்.

கேள்வி: மகள் கையைக் கீறிக்கொள்கிறாள். யாரிடமும் சொல்லக்கூடாதென்று சத்தியம் கேட்கிறாள்.

பதில்: மறுபடியும் அதே எச்சரிக்கை: காக்க முடியாத சத்தியம் செய்யாதீர்கள். "டாக்டரிடம் மட்டும் சொல்வேன், உனக்குத் தெரியாமல் சொல்லமாட்டேன்" என்று சொல்லி, இன்றே அழைத்துப் போங்கள். இரவானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழில் பேசுவார்கள். காயம் ஆழமென்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.