திக்கிப் பேசும் தோழனுக்காக எப்படி நிற்பது?

அன்புள்ள தம்பி, ஒன்பதாம் வகுப்பில் உங்கள் பக்கத்தில் அமரும் தோழன் திக்கிப் பேசுவதை நான்கு பேர் நாள்தோறும் பேசிக்காட்டிச் சிரிக்கிறார்கள் என்றும், தடுக்கப் போனால் உங்களையும் கேலி செய்வார்களோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பள்ளி நாட்களில் நானும் திக்கியவன். வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' என்னும் இரண்டு சொற்களை நினைத்துக் காலையிலிருந்தே வியர்த்தவன்.

அவர்களோடு வாதிட வேண்டாம். அவர்கள் பேசிக்காட்டத் தொடங்கியதும் நீங்கள் சிரிக்காமல் அவன் பக்கம் திரும்பி, "நீ சொல்ல வந்ததைச் சொல், நான் கேட்கிறேன்" என்று சொன்னாலே போதும். எனக்கு அப்படி ஒருவன் இருந்திருந்தால் என்று இன்றும் ஏங்குகிறேன். ஆனால், உதவுவதாக எண்ணி அவன் தொடங்கிய சொல்லை நீங்கள் முடித்துவிடாதீர்கள், ஏனெனில் கேலிக்கு அடுத்தபடியாக என்னை வருத்தியது அதுதான். வகுப்பில் பாடம் வாசிக்க வேண்டியிருந்தால், அவனுக்குச் சம்மதமெனில், நீங்களும் சேர்ந்து வாசிக்க ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். இன்னொரு குரலோடு ஒன்றாக வாசிக்கும்போது திக்குபவர்களில் பெரும்பாலோருக்குச் சொற்கள் தடையின்றி வரும்.

அவனைக் கேட்டுக்கொண்டு, நடந்தவற்றை நாளும் இடமும் குறித்து எழுதி, இருவருமாக வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அங்கே பலனில்லையெனில், தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றை அழைக்கலாம். யாரேனும் கை வைத்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள்.