டான்டம் சைக்கிளில் (இருவர் முன்னும் பின்னும் உட்கார்ந்து மிதிப்பது) லீவர் மாற்றுகிறவர்களுக்கு

கேள்வி: அண்ணா, எங்களுடையது 9 ஸ்பீடு ஷிமானோ கியர், கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக். நேர் ஹேண்டில்பாரை எடுத்துவிட்டு, கீழே வளைந்த டிராப் பார் போடுகிறோம். லீவரை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: பின் கியருக்குப் போதும், அந்த 9 ஸ்பீடில் ரோடு லீவர் (டிராப் பாருக்கானது) எம்டிபி (மலை சைக்கிள்) பின் டீரெய்லரையும் (செயினை நகர்த்திக் கியர் மாற்றுவது) சரியாகவே இழுக்கும். பிரேக்கில்தான் மாட்டிக்கொள்வீர்கள். நேர் பார் லீவர் கேபிளை நிறைய இழுக்கும், டிராப் பார் லீவர் கொஞ்சம்தான் இழுக்கும், அதனால்தான் ஏவிட் பிபி7 காலிப்பரே (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ரோடு, எம்டிபி என்று தனித்தனியாக வந்தது. எம்டிபி காலிப்பரில் ரோடு லீவரைக் கோத்தால் பேட் டிஸ்க்கை இறுக்குவதற்குள் லீவர் பாரில் வந்து முட்டிவிடும். நான் ஒரு தடவை அப்படிக் கோத்துக்கொண்டு தெருமுனை வரை போய்ப் பார்த்தவன், பின்சீட்டிலிருந்து வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

கேள்வி: முன்னால் மூன்று செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்). 11 ஸ்பீடு லீவர் போடலாமா?

பதில்: ஷிமானோ 11 ஸ்பீடு ரோடு லீவரில் மூன்று செயின்ரிங்குக்கு வழியில்லை. மூன்றுக்கு ஷிமானோவின் டியாக்ரா 4703 லீவரைப் பாருங்கள், 10 ஸ்பீடு. ஆனால் அதன் கேபிள் இழுப்பு பழைய 10 ஸ்பீடு மாதிரி இல்லை, பின் டீரெய்லரையும் மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: புது லீவர் போட்டும் பின் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குகிறதே?

பதில்: லீவர் மேல் தப்பில்லை. டான்டத்தில் பின்சக்கரம் வரை அவுட்டர் (கேபிளின் வெளியுறை) அவ்வளவு நீளம் போகிறது, நீங்கள் பிடிக்கும் பிடியில் பாதி அதை நசுக்கவே செலவாகிறது. பிரேக்குக்கென்றே விற்கும் அமுங்காத அவுட்டர் வாங்குங்கள். கியர் அவுட்டரை மட்டும் போட்டுவிடாதீர்கள், அழுத்தத்தில் பிளந்துவிடும்! இன்னரும் (உள்ளே ஓடும் கம்பி) சாதாரண சைக்கிளுடையது எட்டாது, நூல் வைத்து அளந்துவிட்டு டான்டம் கேபிளாகக் கேளுங்கள்.

கேள்வி: பிரான்சின் ஆல்ப் துயேஸ் மலைச்சாலையில் ஏறி இறங்கப் போகிறோம். ஹைட்ராலிக் லீவர் (கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது) வேண்டுமா?

பதில்: கை வலிக்காது, அதற்காகவே மாற்றலாம். ஆனால் சூடு லீவரைப் பார்த்துக் குறையாது. வண்டியோடு 170 கிலோ என்றால், அந்த 1,100 மீட்டர் இறக்கத்தில் வெளியேற வேண்டிய சக்தி ஐந்தரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கும், அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும், மீதி டிஸ்க்குக்கு. ஃபிரேமும் ஃபோர்க்கும் தாங்கும் என்றால் 203 மி.மீ. டிஸ்க் போடுங்கள். லீவரோடு வரும் ஹோஸ் (எண்ணெய்க் குழாய்) பின்சக்கரத்துக்கு எட்டாது, நீளமாக வாங்கி பிளீட் செய்யணும் (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றணும்). அப்புறம் ஷிமானோவுக்கு மினரல் ஆயில், டாட் திரவத்தை (கார் பிரேக்கில் ஊற்றுவது) ஊற்றினால் சீல் ஊதிப்போகும்.

கேள்வி: பின்னால் இருப்பவருக்கும் ஒரு பிரேக் லீவர்?

பதில்: டிரம் மாதிரி மூன்றாவது பிரேக் இருந்தால் மட்டும் கொடுங்கள். பெரிய இறக்கத்தில் லேசாக இழுத்து வைத்திருப்பது அவர் வேலை. முன், பின் டிஸ்க் இரண்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும், வளைவில் எப்போது விடுவது என்று ரோடு தெரிகிறவருக்குத்தான் தெரியும்.