எந்தச் சமுதாயம், அம்மா?

வணக்கம் ஐயா. பினாங்கில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் படிக்கிறேன். நிலம், உழைப்பு, மூலதனம் எல்லாமே அளவோடுதான் இருப்பதால் எதை உற்பத்தி செய்வது என்று சமுதாயம் தேர்வு செய்கிறது என்கிறது எங்கள் பாடம். இந்தத் தேர்வைச் சந்தையிடம் விடுவது நல்லதா, அரசாங்கத்திடமா? என் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். உங்கள் கட்டுரைகளை அவருக்குப் படித்துக் காட்டுவேன்.
– ஒரு மாணவி

அன்புள்ள மகளுக்கு,

தாத்தாவுக்குப் படித்துக் காட்டுகிறேன் என்றாயே, அந்த வரிக்காகவே உடனே எழுத உட்கார்ந்தேன்.

சந்தையா, அரசா? இரண்டும் கலந்துதான். ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலம் 2.50 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைப்பது அரசு உதவித்தொகையால். அதே எண்ணெய்க்குச் செம்பனை நடுவது உலகச் சந்தை விலையைப் பார்த்து. பரீட்சைக்கு இது போதும்.

ஆனால் 'சமுதாயம் தேர்வு செய்கிறது' என்று பாடம் சொன்னதை அப்படியே எழுதிவிட்டாயே, அதுதான் எனக்குக் கோபம். எந்தச் சமுதாயம், அம்மா? உன் தாத்தாவை யாராவது கேட்டார்களா?

சில நாட்களாக எனக்குப் பாட்டி நினைப்பாகவே இருக்கிறது. போருக்கு முன் மலாயா தன் அரிசியில் பாதிக்கு மேல் பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்துதான் வாங்கியது. ரப்பரை விற்று அரிசி வாங்குவதே லாபம் என்று கணக்கு. கணக்குப் போட்டவர்கள் வீட்டுக்குப் பசி வரப்போவதில்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னால் பாட்டி நாலு கத்தரிச்செடி வைத்தார். தோட்டத்து நிலம், பிடுங்கு என்றார் தோட்டத்துக் கணக்கர் கிராணி. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். அரிசி வரத்து அற்றுப்போனது. கத்தரியைப் பிடுங்கிய அதே இடத்தில் மரவள்ளி நடச் சொன்னார்கள். மூன்றரை வருடம் அதுதான் சோறு. அப்புறம் கடைசி வரைக்கும் பாட்டி பால்டின்னில் அரிசி அளந்து, அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்பப் பானையில் போட்டுவிட்டுத்தான் உலை வைப்பார்.

செம்பனைக்கு வருவோம். 1917-இல் கோலசிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில் முதன்முதலாக வணிகத்துக்கு நட்டார்கள். 1960-களுக்குப் பிறகு ரப்பர் காடுகளைத் தள்ளிவிட்டு எங்கும் பரவியது. காரணம் இல்லாமல் இல்லை. பால்மரத்துக்கு ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும். செம்பனை மூன்றாம் வருடமே குலை தள்ளிவிடும். ஆளும் குறைவாகப் போதும்.

'ஆளும் குறைவாகப் போதும்.' இந்த மூன்று சொல்லை உன் பாடநூல் ஒரே வரியில் தாண்டிவிடும். அந்த வேண்டாத ஆட்கள் நாங்கள். எங்கள் மரங்களைத் தள்ளிய அன்று அப்பா பால் பிடிக்கும் தன் மங்குகளையெல்லாம் கழுவி, லயத்து வாசலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுப்ப யாரும் வரவில்லை. அவர் மட்டும் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தார். உழைப்பு ஒரு வளம், சரி. அந்த வளத்துக்கு வாயும் வயிறும் உண்டு என்பதையும் சேர்த்து எழுது. மதிப்பெண் குறைந்தாலும் பரவாயில்லை.

இதைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டியதும், அவர் தோட்டத்தில் மரத்தைத் தள்ளியது எந்த வருடம், வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று கேள். அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு.